ஆறு மெகாஹெர்ட்ஸ் புறம்போக்கு

1952 ஏப்ரலில் வாஷிங்டனிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அமெரிக்காவின் 1,291 ஊர்களுக்கு 2,053 தொலைக்காட்சிச் சேனல்களைப் பங்கு பிரித்துக் கொடுத்த பட்டியல். இன்ன ஊருக்கு இன்ன எண் என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வோர் ஊரின் பெயருக்கு எதிரேயும் எழுதாமல் விட்ட எண்கள், எழுதியவற்றைவிடப் பல மடங்கு அதிகம். நான் சொல்ல வந்தது அந்த எழுதாத எண்களின் கதை.

எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்த கையோடு தொலைக்காட்சி நிலையங்கள் மளமளவென்று முளைத்தன. ஒரே சேனலில் ஒளிபரப்பிய இரண்டு ஊர்கள் ஒன்றின் படத்தை மற்றொன்று கலைத்தன. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1948 செப்டம்பரில் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை மூன்றரை ஆண்டு இழுத்தது. கடைசியில் கண்ட தீர்வு, தூரம். ஒரு சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். 2 முதல் 13 வரை கீழ்க்கட்டு. 14 முதல் 83 வரை யுஎச்எஃப் எனும் மேல்கட்டு. மேல்கட்டில் ஓர் ஊருக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால், ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்குள் வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. கீழ்க்கட்டில் இடைவெளி இன்னும் அதிகம். அதே ஊரில் பக்கத்து எண்ணும் கூடாது. அன்றைய பெட்டிகளுக்கு அடுத்தடுத்த சேனல்களைப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியம் போதவில்லை.

அலை எவ்வளவு தூரம் போகும் என்று தென் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1980களில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மொட்டை மாடியில் ஏறி, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி, “இப்ப தெரியுதா? இப்ப?” என்று கீழே இருப்பவரிடம் கத்திக் கத்தி ரூபவாஹினி பார்த்தவர்கள் உண்டு. படம் தெரியும் தூரம் ஒன்று. படம் தெரியாவிட்டாலும் இன்னொருவர் பார்ப்பதைக் கெடுக்க முடிகிற தூரம் வேறொன்று. இரண்டாவது, முதலாவதைவிட நீளம். இந்த இரண்டு தூரங்களுக்கும் நடுவில் விழுந்து கிடந்த வெற்றிடம்தான் நம் கதாநாயகன். ஆங்கிலத்தில் ஒயிட் ஸ்பேஸ் என்பார்கள். எனக்குப் புறம்போக்கு என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. வாய்க்கால் கரையை யாருக்கும் பட்டா போடாமல் விடுவது அது வீணான நிலம் என்பதால் அல்லவே, வாய்க்கால் ஓட வேண்டுமே என்பதால்தானே.

மேல்கட்டு முதலில் வேண்டாத பிள்ளையாகத்தான் வளர்ந்தது. விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைப் பிடிக்கும் வசதியே இல்லை. 1962இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1964 முதல் செய்யும் பெட்டிகள் எல்லாச் சேனல்களையும் பிடித்தாக வேண்டும் என்றது. 37ஆம் எண்ணை மட்டும் வானியலாளர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் டான்வில் என்ற ஊருக்கு அருகே பெரியதொரு ரேடியோ தொலைநோக்கி கட்டியிருந்தது. விண்வெளியிலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்க அந்த ஒரு சேனலாவது அமைதியாக இருக்க வேண்டும் என்று மன்றாடி, 1963இல் நாடு முழுவதற்கும் அதைக் காலியாக வைக்கச் செய்தார்கள். பிறகு 70 முதல் 83 வரையிலான எண்களைச் செல்போன் முதலான நடமாடும் தொலைபேசிகளுக்கு வெட்டிக் கொடுத்தாயிற்று. இப்படி ஓரங்கள் போனாலும் நடுவில் பொத்தல் பொத்தலாகக் காலி இடம் கிடக்கத்தான் செய்தது.

காலியாகக் கிடக்கும் இடத்தில் குடிசை விழாமல் இருக்குமா? கம்பியில்லா மைக்குகள் வந்தன. தேவாலயங்கள், விளையாட்டு அரங்குகள், நியூயார்க்கின் பிராட்வே நாடகக் கொட்டகைகள் என்று எல்லா இடத்திலும் பாடகரின் கன்னத்தோரம் ஒட்டியிருந்த குட்டி மைக், தொலைக்காட்சிச் சேனல்களுக்கு இடையிலிருந்த சந்தில்தான் பாடியது. உரிமம் வாங்கியவர்கள் கொஞ்சம், வாங்காதவர்கள் நிறைய. மருத்துவமனைகளும் வந்தன. இதய நோயாளியின் மார்பில் ஒட்டிய கருவி, துடிப்பைக் கம்பியில்லாமல் செவிலியர் மேசைக்கு அனுப்பியது ஊரில் யாரும் பயன்படுத்தாத சேனல் ஒன்றின் வழியாகத்தான்.

1998 பிப்ரவரியில் டல்லாஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்க்க 9ஆம் சேனலை முடுக்கியது. அந்தச் சேனல் அதற்கு முறைப்படி ஒதுக்கப்பட்டது. சற்று நேரத்தில் நகரின் பேய்லர் மருத்துவமனையில் இதயக் கண்காணிப்புத் திரைகள் குழம்பின. அவர்களும் பல காலமாக அதே 9இல்தான் இருந்தார்கள். நிலையத்துக்கு மருத்துவமனை அங்கே இருப்பது தெரியாது. மருத்துவமனைக்கு நிலையம் வரப்போவது தெரியாது. விஷயம் புரிந்ததும் நிலையம் அணைத்துவிட்டது. நோயாளிகள் யாருக்கும் கெடுதல் நேரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து எஃப்.சி.சி. மருத்துவக் கருவிகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியபோது, வானியலாளர்களின் 37ஆம் சேனலிலும் அவற்றுக்குப் பங்கு கொடுத்தது. நட்சத்திரமும் நோயாளியும் இன்றும் அதில் சேர்ந்து குடியிருக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்குப் பின் நடந்த கால் நூற்றாண்டுச் சண்டைகள் எல்லாவற்றிலும் அந்த மருத்துவமனையின் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த இடம் காலி என்று யாருக்குத் தெரியும்? எப்படித் தெரியும்?

காதால் தெரியும் என்றார் ஜோசப் மிட்டோலா. மென்பொருளால் இயங்கும் ரேடியோவைப் பற்றி முதன்முதலில் பேசியவர்களில் ஒருவர். 1999இல், ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்ட் மக்வயருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் காக்னிடிவ் ரேடியோ என்ற பெயரை வைத்தார். மறு ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் அதையே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். புத்தியுள்ள ரேடியோ என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றுப்புறத்தைக் கவனிக்கும், தன் எஜமானுக்கு என்ன தேவை என்று யோசிக்கும், முடிவெடுக்கும், செய்யும், செய்ததிலிருந்து கற்றுக்கொள்ளும். மிட்டோலாவின் கனவு பெரியது. பின்னால் வந்த பொறியாளர்கள் அதிலிருந்து ஒரே ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: காலி சேனலைக் கண்டுபிடித்து உட்காருவது, சொந்தக்காரர் வந்தால் எழுந்துபோவது.

நகரப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உரிமம் என்பது அந்தத் துண்டு மாதிரி. ஆள் உட்காராவிட்டாலும் இடம் அவருடையது. அலைக்கற்றை என்ற சொல் நம் டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்ததே 2ஜி விவகாரத்தின் வழியாகத்தான் என்பதால், அது பஞ்சத்தில் அடிபடும் பொருள், ஏலம் போகும் பொருள் என்றே நமக்குப் பழக்கம். ஆனால் துண்டைத் தூக்கிப் பார்த்தால் எத்தனை இடங்களில் ஆள் இருக்கிறார்? 2004இல் நியூயார்க்கில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தது. போலீஸ், பத்திரிகை, பாதுகாப்புப் படை என்று ஊரே ரேடியோவில் கத்திக்கொண்டிருந்த நாட்கள். ஷேர்ட் ஸ்பெக்ட்ரம் என்ற நிறுவனம் அப்போது 3 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை அளந்து பார்த்தது. பயன்பாட்டில் இருந்தது சராசரியாக 13.1 சதவீதம். மிச்சமெல்லாம் வெறும் துண்டு.

அதே 2004இல் எஃப்.சி.சி. தொலைக்காட்சிப் புறம்போக்கைப் புத்தியுள்ள ரேடியோக்களுக்குத் திறந்துவிடலாமா என்று அதிகாரபூர்வமாகக் கேட்டது. மைக்ரோசாஃப்டும் கூகுளும் ஆவலாக இருந்தன. தாழ்ந்த அதிர்வெண், வீட்டுச் சுவரையும் மரக்கூட்டத்தையும் ஊடுருவிப் போகும். வைஃபை நுழையத் திணறும் இடத்தில் இது நுழையும். தொலைக்காட்சிக்காரர்கள் கொதித்தார்கள். சரி, காது எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று 2007இல் மேரிலாந்தின் கொலம்பியாவில் இருக்கும் தன் ஆய்வகத்தில் எஃப்.சி.சி. மாதிரிக் கருவிகளைச் சோதித்தது. பிலிப்ஸ் கொடுத்த கருவி பரவாயில்லை. மைக்ரோசாஃப்ட் கொடுத்தது, ஓடிக்கொண்டிருந்த சேனல்களைக் கூடச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. சோதித்த கருவி பழுதாகியிருந்தது என்று நிறுவனம் பின்னர் விளக்கியது. எதிரிகளுக்கு அந்த முதல் செய்தியே போதுமானதாக இருந்தது.

பழுது இல்லாத காதுக்கும் ஒரு தொல்லை உண்டு. பள்ளத்தில் நிற்கும் கருவி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு குன்று. குன்றுக்கு அந்தப் பக்கம் தொலைக்காட்சிக் கோபுரம். கருவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. காலி என்று நினைத்துப் பேச ஆரம்பிக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் வீட்டு மாடியில் ஆன்டெனா. அதற்குக் கோபுரமும் தெரிகிறது, கருவியும் தெரிகிறது. அந்த வீட்டில் படம் போய்விட்டது. கருவி கேட்டது கோபுரத்தை. கெட்டது வீட்டுப் பெட்டி. பெட்டியோ சத்தமே போடாது. அது வாங்கும் ஜாதி, கொடுக்கும் ஜாதி இல்லை. பொறியாளர்கள் இதை மறைந்த முனைச் சிக்கல் என்பார்கள். கோபுரத்தைக் கேட்டு வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால், மாடி ஆன்டெனா கேட்பதைவிடப் பல மடங்கு மெலிந்த ஒலியைப் பள்ளத்திலிருக்கும் கருவி கேட்டாக வேண்டும்.

எவ்வளவு மெலிந்தது? 2008 விதிகளில் எஃப்.சி.சி. நிர்ணயித்த எல்லை மைனஸ் 114 டிபிஎம். ஒரு வாட் சக்தியை 25 கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 10 லட்சம் பங்காக்கினால் வரும் துணுக்கு. அந்த அளவில் கருவியின் சொந்த மின்னணு இரைச்சலே பெரிதாகக் கேட்கும். அதிக நேரம் கேட்டால் தெளிவாகாதா என்று தோன்றும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ராகுல் தாண்ட்ராவும் அனந்த் சாஹாயும் அதற்குப் பதில் எழுதினார்கள். தன் இரைச்சல் எவ்வளவு என்று கருவிக்குத் துல்லியமாகத் தெரியாது. அந்தச் சின்னச் சந்தேகம் இருக்கும்வரை, ஒரு மட்டத்துக்குக் கீழே யுகக்கணக்கில் கேட்டாலும் ‘இருக்கிறதா இல்லையா’ என்பது தெரியாது. அதற்குச் சுவர் என்றே பெயர் வைத்தார்கள். கணக்கில் இப்படி ஒரு சுவர் நிற்பதை எனக்குத் தெரிந்து எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்லவில்லை.

கருவிகள் பலவாகிவிட்டால் இன்னொரு கூத்து. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் கூட்டாளி பேசினால், எனக்குக் கேட்பது அவன் குரல்தான். ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூட வேண்டும். கிராமப்புற இணையத்துக்காகவே உருவாகி 2011இல் வெளிவந்த 802.22 என்ற தரநிலையில் இதற்கு ஏற்பாடு உண்டு. தலைமை நிலையம் குறித்த வேளையில் மௌனத்தை அறிவிக்கும். வகுப்பில் டீச்சர் மேசையைத் தட்டியதும் அடங்குவதுபோல் அதன் கீழிருக்கும் கருவிகள் அத்தனையும் அடங்கி, தொலைக்காட்சி எங்கேனும் முனகுகிறதா என்று கேட்கும். பிறகு மறுபடியும் இரைச்சல்.

தலைமை நிலையம் இல்லாத கூட்டமாக இருந்தாலோ சந்திப்பதே பாடு. இரண்டு கருவிகள் பேச வேண்டும். இருபது சேனல் இருக்கிறது. எது காலி என்பது இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. எந்தச் சேனலில் சந்திக்கலாம் என்று பேசிக்கொள்ளவே ஒரு சேனல் வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன இரண்டு பேரின் நிலைமை. தேர்முட்டியடியில் சந்திப்போம் என்று முன்கூட்டியே பேசி வைத்தால் நல்லதுதான். அந்தத் தேர்முட்டியிலேயே வேறு யாராவது கடை போட்டுவிட்டால்? இரண்டு பேருமே தேடி அலைந்தால் ஒருவரையொருவர் தாண்டிப் போகலாம்; இரண்டு பேருமே நின்றால் சந்திப்பே இல்லை. ஒருவர் நிற்க, ஒருவர் சுற்ற வேண்டும்; யார் நிற்பது என்று பேசிக்கொள்ள வழியில்லை. ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த தீர்வுகளில் எனக்குப் பிடித்தது: ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் சுற்று, கொஞ்ச நேரம் நில், மறுபடி சுற்று. சுற்றும் நேரத்தை நிற்கும் நேரத்தைப்போல் இரட்டிப்பாக வைத்து, காலடிகளைப் பகா எண் கணக்கில் எடுத்து வைத்தால், எப்போது கிளம்பினாலும் குறித்த காலத்துக்குள் சந்தித்தே தீர்வார்கள் என்று நிரூபிக்கலாம். குதித்து நிற்றல் என்று பொருள்படும் பெயர் அதற்கு. கணிதம் அழகு. ஆனால் சந்தையில் விற்ற கருவிகளில் இந்த அழகுக்கு இடம் கிடைக்கவில்லை.

2008 இலையுதிர் காலத்தில் சண்டை உச்சத்துக்கு வந்தது. நாட்டுப்புறப் பாடகி டாலி பார்ட்டன் எஃப்.சி.சி.க்குக் கடிதம் எழுதினார். அவர் இசையமைத்த ‘9 டு 5’ நாடகம் பிராட்வேக்கு வரவிருந்தது. புதுக் கருவிகள் புகுந்தால் மைக்குகள் கெடும் என்பது அவர் கவலை. சட்டக் கண்ணால் பார்த்தால் மைக்குக்காரர்களில் பலர் தாங்களே அனுமதியில்லாமல் குடியேறியவர்கள். பழைய ஆக்கிரமிப்பு புதிய ஆக்கிரமிப்பை எதிர்த்து மனுக்கொடுத்தது என்று சிரிக்கலாம். முப்பது வருஷம் குடியிருந்தவரை எழுப்புவது லேசா என்றும் கேட்கலாம். நவம்பர் 4 அன்று, நாடே ஒபாமாவுக்கும் மெக்கெய்னுக்கும் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆணையத்தின் ஐந்து பேரும் திறந்துவிடலாம் என்று ஒருமனதாக வாக்களித்தார்கள். நிபந்தனை இரட்டை: கருவி காதாலும் கேட்க வேண்டும், பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளில் காது போய்விட்டது. 2010 செப்டம்பரில் எஃப்.சி.சி. விதியைத் திருத்தி, பதிவேட்டைப் பார்க்கும் கருவி காதால் கேட்கத் தேவையில்லை என்றது. மிட்டோலாவின் சிந்திக்கும் ரேடியோ வில்லங்கச் சான்று வாங்கும் ரேடியோவாக மாறிய நாள் அது. கருவி தன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் இருக்கும் தரவுத்தளத்துக்கு அனுப்பும். அந்த இடத்தைச் சுற்றி எந்தக் கோபுரம், எவ்வளவு உயரம், எவ்வளவு சக்தி, எந்த மைக் இன்று பதிவு செய்திருக்கிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, இந்த எண்கள் உனக்கு ஆகும் என்று பதில் வரும். அன்றைய விதிப்படி நாளுக்கு ஒரு முறையாவது மறுபடி கேட்க வேண்டும். குன்றோ பள்ளமோ, கருவியின் செவிட்டுத்தனமோ இங்கே பிரச்சினை இல்லை. வீட்டுப் பெட்டி மௌனமாக இருந்தாலும், அது எங்கே இருக்கக்கூடும் என்பது பதிவேட்டின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு இது மனக்கசப்பு. எனக்கு அந்தக் கசப்பு இல்லை. கர்ணம் வீட்டுத் திண்ணையில் விசாரித்தால் தெரிகிற விஷயத்துக்கு, வயலில் காதை வைத்துப் படுத்திருப்பானேன்?

2012 ஜனவரியில் வட கரோலினாவின் வில்மிங்டனில் முதல் வணிகச் சேவை தொடங்கியது. ஊரைத் தேர்ந்ததில் பொருத்தம் உண்டு. 2008 செப்டம்பரில், மற்ற ஊர்களுக்கெல்லாம் முன்னால், அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறியதும் இதே வில்மிங்டன்தான். நாடு முழுவதும் மாறியது 2009 ஜூனில். அப்போது 52 முதல் 69 வரையிலான சேனல்களும் தொலைக்காட்சியின் கையைவிட்டுப் போயின. வில்மிங்டனில் புறம்போக்கு என்ன சுமந்தது என்றால், பூங்காக்களின் கண்காணிப்புக் கேமரா, இலவச வைஃபை, இப்படிச் சில. அறுபது வருஷம் காத்திருந்த இடத்துக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் பூங்காக் காவல்.

பெரிய உத்தியோகம் கடைசிவரை வரவில்லை. காலி இடம் மலிந்த ஊரில் ஆள் இல்லை. ஆள் மலிந்த ஊரில் காலி இடம் இல்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் தேறியது சொற்பச் சேனல்கள். ஆள் இல்லாத ஊருக்குச் சில்லு செய்ய யார் முதலீடு போடுவார்கள்? கருவி விலை இறங்கவில்லை. போதாக்குறைக்குப் பதிவேட்டிலும் பொய் புகுந்தது. 2015இல் ஒளிபரப்பாளர் சங்கம் பதிவுகளைத் துருவி, கருவி இருக்கவே முடியாத இடங்களும் இட்டுக்கட்டிய விவரங்களும் அதில் இருப்பதாகப் புகார் கொடுத்தது. நிலையான கருவிகளின் இருப்பிடத்தை அதுவரை நிறுவுபவர் கையால் எழுதிக்கொடுக்கலாம். மனிதன் கைப்பட எழுதும் எந்தப் பதிவேடும் எப்படி ஆகுமோ அப்படியே இதுவும் ஆகியிருந்தது. இருப்பிடத்தைக் கருவி தானாகக் கண்டறிய வேண்டும் என்று பின்னர் விதி மாறியது.

அதற்குள் இடமே விலைபோய்விட்டது. 2017இல் முடிந்த ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான சேனல்கள் செல்போன் நிறுவனங்களிடம் சென்றன; மொத்தம் 1,980 கோடி டாலர். 37ஆம் சேனல் தப்பியது. மிச்சமிருந்த தொலைக்காட்சி நிலையங்களை நெருக்கி உட்கார வைத்தார்கள். நெருக்கி உட்கார்ந்தால் நடுவில் சந்து எங்கே இருக்கும்? தொலைக்காட்சிப் புறம்போக்கு செத்துவிடவில்லை. கிராமப்புறங்களில் இன்றும் கொஞ்சம் கொஞ்சம் புழங்குகிறது. ஆனால் நம் கதாநாயகன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டான் என்று சொல்வதே சரி.

புதுத் தெரு 3.5 கிகாஹெர்ட்ஸ். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை 150 மெகாஹெர்ட்ஸ் அகலம். வீட்டுக்காரர் அமெரிக்கக் கடற்படை. விமானந்தாங்கிக் கப்பலை நோக்கி வரும் விமானங்களை வழிநடத்தும் எஸ்பிஎன்-43 என்ற பழைய ரேடார் அதில்தான் சுழலும். கப்பல் ஆண்டு முழுக்க ஒரே துறையில் நிற்பதில்லை. வந்தால் அந்தக் கரை முழுக்க அதன் அலை. போய்விட்டால் மாதக்கணக்கில் வெறிச். இந்த இடத்தைப் பகிரலாம் என்று 2010இல் யோசித்தபோது போட்ட முதல் திட்டம், கடலோரம் முழுக்க அகலமான விலக்குப் பட்டை. அந்தப் பட்டைக்குள் அமெரிக்க மக்கள்தொகையில் ஏறக்குறைய 60 சதவீதம் அகப்பட்டது. பிரயோஜனமில்லை. 2012இல் அதிபரின் அறிவியல் ஆலோசகர்கள், அரசுத் துறைகளிடம் இருப்பதைக் காலி செய்யச் சொல்லி மாளாது, பகிரக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அறிக்கை கொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் எஃப்.சி.சி. விதி வகுத்தது.

பதிவேட்டு வித்தை இங்கே பலிக்கவில்லை. தொலைக்காட்சிக் கோபுரம் நின்ற இடத்தில் நிற்கும், எழுதிவைக்கலாம். என் விமானந்தாங்கிக் கப்பல் வியாழக்கிழமை மாலை இன்ன துறைக்கு வரும் என்று எந்தக் கடற்படையாவது பொதுப் பதிவேட்டில் எழுதுமா? ஆகவே, துரத்திவிட்ட காதைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. இந்த முறை அது கருவிக்குள் இல்லை. கரையோரம் நெடுகிலும் கம்பங்களில் சென்சார்களைப் பொருத்தினார்கள். கடலில் ரேடார் துடிப்பு கேட்டால் சென்சார், எஸ்ஏஎஸ் எனப்படும் நிர்வாகக் கணினிக்குச் சொல்லும். அது அந்தக் கரைப்பகுதியில் அதே அலைவரிசையில் இருக்கும் செல்கோபுரங்களை எழுப்பி வேறு இடத்துக்கு மாற்றும், அல்லது வாயடைக்கும். அதற்குக் கெடு 300 விநாடி. கூகுள், ஃபெடரேட்டட் வயர்லெஸ் போன்ற நிறுவனங்கள் இந்தக் கணினிகளை நடத்துகின்றன. கப்பல் எங்கே இருக்கிறது என்பதைச் சென்சார் தெரிந்துகொள்ளவோ சேமித்து வைக்கவோ கூடாது. ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பேச்சில்லை. வாசலில் செருப்புக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காமல் நகர்ந்துவிடும் பக்கத்து வீட்டுக்காரரின் நாசூக்கு அதற்கு விதிக்கப்பட்டிருக்கிறது.

வரிசை மூன்று அடுக்கு. மேலே கடற்படையும் சில செயற்கைக்கோள் நிலையங்களும். அடுத்தது காசு கொடுத்து முன்னுரிமை வாங்கியவர்கள். கடைசியில் பொதுஜனம், கட்டணமில்லை, உத்தரவாதமும் இல்லை. முன்னுரிமை உரிமங்கள் 2020இல் கவுண்டி வாரியாக ஏலம் போயின. 20,625 உரிமங்கள், 458 கோடி டாலருக்கு மேல். விசித்திரம் என்னவென்றால், இந்தப் பட்டாவில் சர்வே எண் கிடையாது. 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கினீர்கள் என்பது மட்டும் உறுதி. எந்த 10 என்பதை எஸ்ஏஎஸ் தீர்மானிக்கும், தேவைப்பட்டால் மாற்றும். வாங்கியவர் பயன்படுத்தாத இடத்தில் பொதுஜனம் உட்காரலாம். துண்டு போட்டதற்கு மரியாதை உண்டு. ஆள் வரும் வரை யாரும் உட்காரக்கூடாது என்ற மரியாதை மட்டும் இல்லை. 2019 செப்டம்பரில் முதல் வணிகச் சேவைகள் தொடங்கின. இன்று தொழிற்சாலைகள், துறைமுகங்கள், விமான நிலையங்கள், கிராமத்து இணைய நிறுவனங்கள் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். மிட்டோலா நினைத்ததுபோல் ஒவ்வொரு ரேடியோவும் சிந்திக்கவில்லை. கோபுரம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எஸ்ஏஎஸ்ஸிடம், நான் இன்னும் பேசலாமா என்று கேட்கிறது. பதில் வராமல் அனுமதி காலாவதியானால் 60 விநாடிக்குள் நிறுத்தியாக வேண்டும்.

கரையோரக் காதுகளுக்கும் பழைய தொல்லை விடவில்லை. பக்கத்தில் செல்கோபுரம் இரைந்தால் கடலின் துடிப்பு கேட்காது. ஆகவே சென்சாரைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்கு ஒரு கிசுகிசு மண்டலம். காலி இடத்தை உறுதி செய்ய வைத்த காது, தன்னைச் சுற்றித் தனக்கென்று கொஞ்சம் காலி இடத்தை எடுத்துக்கொள்கிறது. துறைமுக ஊர்களில் சேவை நடத்துபவர்களுக்கு இது தீராத புகார்.

அந்தச் சென்சார் பழுதானால்? மின்சாரம் போகும், கேபிள் அறும், புயலில் கம்பம் சாயும். விதி இதற்கும் எழுதியிருக்கிறது. சென்சாரிடமிருந்து தகவல் நின்றுபோனால், அது காவல் காக்கும் கரையில் கப்பல் வந்துவிட்டதாகவே எஸ்ஏஎஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுக்கடலில் ஒரு தோணிகூட இல்லாவிட்டாலும், கரையிலிருக்கும் கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து இடம் விடும். சென்சார் உயிர் பெற்று, இங்கே ஒன்றும் கேட்கவில்லை என்று தன் வாயால் சொல்லும் வரை அந்த இடம் காலி என்று கணக்கில் வராது.